தையலம்மா தைக்காத கவுன்

கிளம்புகிற அன்று காலை தையலம்மா தன் கைப்பையைக் கட்டில்மேல் கவிழ்த்துக் கொட்டினாள். சில்லறை, சீப்பு, தலைவலித் தைலம், கசங்கிய பேருந்துச் சீட்டுகள் எல்லாம் விழுந்தன. அவற்றுக்கு நடுவே அவள் தேடியவையும் ஒவ்வொன்றாக அகப்பட்டன. அட்டையில் குத்திய ஊசிகள், கறுப்பும் வெள்ளையுமாகச் சுற்றிய நூல், மடக்குக் கத்தரி, அளவு நாடா. அத்தனையையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி, பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

பெட்டியோடு வாசலில் நின்ற கணவர் வேடிக்கை பார்த்தார். “என்னம்மா, ஆயுதத்தை எல்லாம் கீழ போட்டுட்டு சரணடையறியா?”

“மூணு நாளைக்கு ஊசியைத் தொடமாட்டேன்னு பொண்ணுகிட்ட சொல்லியிருக்கேன்.”

“சொல்லலாம். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா?”

“இது தைச்ச கைங்க. சொன்னா கேக்கும்,” என்றாள்.

தெருவே அவளைத் தையலம்மா என்றுதான் கூப்பிடும். புதுத்துணி தைக்கிறவள் அல்ல அவள். பேண்ட்டின் நீளத்தைக் குறைப்பது, பெருத்த இடுப்புக்கு இடம் விடுவது, ஜிப் மாற்றுவது, கிழிந்ததைக் கிழிந்தது தெரியாமல் சேர்ப்பது, இவைதான் வேலை. வீட்டின் முன்னறைதான் கடை. அங்கே ஒரு நீளக் கம்பியில் வாடிக்கையாளர்களின் துணிகள் தொங்கும். கொடுத்துவிட்டுத் திரும்பி வராதவர்கள் எப்போதும் உண்டு. ஊர் மாறிப் போனவர்கள், உடம்பு மாறிப் போனவர்கள், மறந்தே போனவர்கள். அந்தத் துணிகளை ஒரு வருஷம் காத்து வைப்பாள். அதற்கு மேலும் ஆள் வராவிட்டால் அது வீட்டுத் துணி. பிரித்து, வெட்டி, திருப்பிப் போட்டு, மகளுக்கு அளவாகத் தைத்துவிடுவாள். இப்படிப் பொருத்தமான உடுப்பு மகாராஜா வீட்டுப் பெண்ணுக்கும் கிடைக்காது என்று அவளுக்குப் பெருமை. அதில் பொய்யும் இல்லை.

போன குளிர்காலத்தில் அந்தப் பெருமைக்கு அடி விழுந்தது. மகள் ஒரு நீலக் கோட்டு போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். கூடப் படிக்கிற ஒருத்தி, வகுப்பு நடுவிலேயே அதன் காலரைத் தூக்கிப் பார்த்து, “ஏய், இது எங்க அக்கா கோட்டு! மை கொட்டினதை மறைக்கத்தானே காலரைத் திருப்பித் தைக்கக் குடுத்தோம்!” என்று கத்தியிருக்கிறாள். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சிரிப்புக்குக் காரணம் வேண்டுமா என்ன? மகள் வீட்டுக்கு வந்தாள். கோட்டைக் கழற்றி, தன் அலமாரியில் வைக்காமல், முன்னறைக் கம்பியிலேயே கொண்டுபோய் மாட்டினாள். அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“என்கிட்ட இருக்கறதுல நீ தொடாதது ஒண்ணாவது இருக்காம்மா?”

அவள் பள்ளிக்குப் போன நேரம் பார்த்துத் தையலம்மா அந்த அலமாரியைக் குடைந்தாள். காலுறையின் குதிகாலில்கூடத் தன் தையல்தான் இருந்தது.

அன்றைக்கே முடிவெடுத்தாள். “விடுமுறைக்குப் பெருநகரத்துக்குப் போறோம். பெரிய கடையில நீயே பாத்து ஒண்ணு எடு. எடுத்தபடியே போட்டுக்க. என் கை அதுல படாது.”

மகள் நம்பவில்லை. “நீ கடையில வாங்கற கர்சீஃபுக்கே ஓரம் தைப்பியேம்மா.”

“என் கை பட்டா ஏன்னு கேளு.”

பயணம் என்றதும் மற்ற இருவருக்கும் தனித்தனிக் காரணம் முளைத்தது. கணவர் குளிர்பெட்டி பழுதுபார்க்கிறவர். ஊரிலுள்ள அத்தனை சாப்பாட்டுக் கடைகளுக்குள்ளும் பின்வாசல் வழியாகவே நுழைந்து பழகியவர். ஒருமுறையாவது முன்வாசல் வழியாக நுழைந்து, உட்கார்ந்து, கேட்டு வாங்கித் தின்னவேண்டும் என்பது அவருடைய ஆசை. அவருடைய அக்கா, அதாவது தையலம்மாவின் நாத்தனார், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். “வேற யாராவது ஓட்ட, நான் ஜன்னலோரமா உக்காந்து வரணும். அது போதும் எனக்கு,” என்று சேர்ந்துகொண்டாள். ஆனாலும் பழக்கதோஷம் போகுமா? ரயிலில் ஏறியதும் தலை எண்ணினாள். இருப்பதே நாலு தலை.

முதல் நாள் முழுக்கச் சாப்பாட்டுக்கே போயிற்று. கணவர் ஒரு தெருவின் இந்த முனையில் சூப்பில் ஆரம்பித்தார். அந்த முனைக்குப் போவதற்குள் பொரித்த மீன், சுட்ட கோழி, கிரீம் வைத்த கேக், நடுநடுவே காபி. ஒவ்வொரு கடையிலும் முன்வாசலில் நின்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி உள்ளே போனார். மீன் கடையில் இரண்டாவது தட்டு வந்தபோது, சட்டையின் நடுப் பொத்தான் அதற்குமேல் தாங்காமல் தெறித்துத் தண்ணீர் டம்ளரில் பட்டு ‘டிங்’ என்றது.

“தம்பி, அடுத்தது யார் கண்ணுன்னு சொல்லிட்டுச் சாப்பிடு,” என்றாள் நாத்தனார்.

ராத்திரி அறைக்குத் திரும்பியதும் கணவர் குளியலறையிலிருந்து வெற்றியோடு வந்தார். கையில் ஒரு சின்னப் பொட்டலம். உள்ளே ஊசி, நூல், இரண்டு பொத்தான். “பாத்தியா! ஹோட்டல்காரனே குடுத்திருக்கான்.”

“கீழ வரவேற்புல குடுத்துட்டு வாங்க.”

“ஒரே ஒரு பொத்தான்மா! யாருக்குத் தெரியப்போகுது?”

“இன்னைக்குப் பொத்தான்னு தொட்டா நாளைக்குக் கவுன்ல வந்து நிக்கும். எனக்கு என்னைத் தெரியும்.”

அவர் அசையவில்லை என்றதும் தானே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். போர்வைக்குள்ளிருந்து மகள் ஒரு கண்ணைத் திறந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கணவர் சட்டைக்குமேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க நடந்தார்.

இரண்டாம் நாள் கடைகள். மகள் ஒரே ஒரு சட்டம் போட்டாள். “கை ரெண்டும் கோட்டுப் பைக்குள்ளயே இருக்கணும். உள்பக்கம் திருப்பிப் பாக்கக் கூடாது. விரலால தேய்ச்சுப் பாக்கக் கூடாது. சரியா?”

“சரி.”

“இழுத்துப் பாக்கக் கூடாது.”

“சரின்னுட்டேன்ல.”

கையைக் கட்டலாம். கண்ணை என்ன செய்வது? முதல் கடையில் ஒரு கோடு போட்ட சட்டையில் பையின் கோடும் மார்பின் கோடும் ஒன்றையொன்று பார்க்காமல் கோபித்துக்கொண்டு நின்றன. இரண்டாவது கடையில் பொத்தான் துளைகள் எல்லாம் நூல் பிசிறி முடி வளர்த்திருந்தன. தையலம்மா வாயைத் திறக்கவில்லை. ஆனால் மகள் எதை எடுத்தாலும் முதலில் திரும்பிப் பார்த்தது அவள் முகத்தைத்தான்.

“என்ன, நல்லா இல்லையா?”

“நான் ஒண்ணுமே சொல்லலையே!”

“மூஞ்சி சொல்லுதே.”

அதனால் மூன்றாவது கடையில் தையலம்மா முகத்தையும் திருப்பிக்கொண்டாள். சுவரில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்பு உருளையைப் பார்த்தபடி, பைக்குள் கையோடு, தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி நின்றாள். “என்னம்மா, அதை விலைக்குக் கேக்கப் போறியா?” என்றார் கணவர். அவள் உதட்டையும் மடித்துக்கொண்டாள். வாயும் கட்டுக்குள் இருப்பது நல்லது.

“அம்மா, திரும்பு,” என்றது மகளின் குரல்.

ட்ரையல் ரூம் வாசலில் மகள் கரும்பச்சைக் கவுனில் நின்றாள். பக்கவாட்டில் பைகள் வைத்தது, முழங்காலுக்கு ஒட்டினாற்போல் கீழே முடிவது. தோள்பட்டை எங்கே முடியவேண்டுமோ அங்கே முடிந்தது. இடுப்பு எங்கே ஒடுங்க வேண்டுமோ அங்கே ஒடுங்கியது. தையலம்மா தேடிப் பார்த்தாள். குறை கிடைக்கவில்லை. யாரோ முகம் தெரியாத ஒருத்தி, எங்கேயோ ஒரு மிஷின் முன்னால் உட்கார்ந்து, இவள் மகளுக்கென்றே அளவெடுத்தது போல் தைத்து அனுப்பியிருக்கிறாள். கொஞ்சம் பொறாமைகூட எட்டிப் பார்த்தது. அதைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. மகள் கண்ணாடியில் தன்னைப் பார்த்து, யாரையும் கேட்காமல், “இதுதான்,” என்றாள்.

“இந்த அளவுல இது ஒண்ணுதான் இருந்துச்சு. உங்களுக்காகவே காத்திருந்த மாதிரி,” என்றாள் விற்பனைப் பெண்.

மகள் ஒரு சுற்றுச் சுற்றினாள். சுற்றி நின்றபோது, கவுனின் கீழ் ஓரத்திலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு நூல் தொங்கியது.

முன்னறையில் எந்தத் துணியும் கைமாறுவதற்கு முன்னால் தையலம்மா கடைசியாகச் செய்வது ஒன்று உண்டு. ஓரத்தைத் தடவிக்கொண்டே போய், தொங்கும் நூலைச் சுண்டி எடுப்பாள். நூல் தொங்குகிற துணியை ஆளிடம் கொடுப்பது, முகம் கழுவாத பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது மாதிரி. இத்தனை வருஷமாகக் கைக்குப் பழகிய வேலை அது. அதற்கு மனசின் அனுமதி தேவைப்படவில்லை. கை பையைவிட்டு வெளியே வந்தது. மண்டியிட்டாள். நூலைப் பிடித்துச் சுண்டினாள்.

அவள் மிஷின் போடுவது பூட்டுத் தையல். சுண்டினால் நூல்தான் அறும். இது சங்கிலித் தையல். தலைப்பில் இழுத்தால் சங்கிலி முழுக்கப் பின்னாலேயே வரும். முதல் இழுப்பிலேயே அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கை இரண்டாவது இழுப்பையும் முடித்திருந்தது. சரசரவென்று ஓரம் பாதிச் சுற்றுக்குப் பிரிந்து, மடிப்பு அவிழ்ந்து, மகளின் காலில் தொங்கியது.

மகள் குனிந்து பார்த்தாள். பிறகு தரையில் மண்டியிட்டிருந்த அம்மாவைப் பார்த்தாள்.

“தொட்டுட்ட,” என்றாள்.

அவள் கத்தியிருந்தால் தையலம்மா தாங்கியிருப்பாள். கத்தவில்லை.

“அட, இதுக்குப் போயா!” நாத்தனார்தான் முதலில் சுதாரித்தாள். “மத்தவங்க பிரிச்சாத்தான் பிரச்சினை. இவளே பிரிச்சா இவளே தைச்சுட்டுப் போறா. கால் மணி நேர வேலை. கீழ கடையில ஊசி நூல் விக்கிறானே!”

“அதானே,” என்றார் கணவர். “தைச்சுட்டுச் சாப்பிடப் போயிடலாம். மேசை சொல்லி வெச்சிருக்கேன்.”

மகள் கவுனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “சரிம்மா. நீயே தைச்சுடு. எப்பவும் போல.”

அந்த ‘எப்பவும் போல’ தையலம்மாவின் நெஞ்சில் குண்டூசியாக இறங்கியது. பிள்ளை விட்டுக்கொடுத்துவிட்டாள். நாளைக்குக் கேட்டால் பரவாயில்லை என்பாள். போட்டுக்கொள்ளவும் செய்வாள். அலமாரியில் இன்னொரு துணியாக இதுவும் தொங்கும்.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். “மாட்டேன்.”

“என்னது?”

“நான் தைக்கமாட்டேன்.” விற்பனைப் பெண்ணிடம் திரும்பினாள். “கெடுத்தது நான்தான்மா, கடைமேல தப்பில்ல. இதையே பில் போடுங்க. இங்க தைச்சுக் குடுக்கற ஆள் இருக்காங்களா?”

இருந்தார். மேல்மாடியில், சரக்கு அறையைத் தாண்டி ஒரு மூலையில், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, பேண்ட் குவியலுக்கு நடுவே ஒரு தையல்காரர். கவுனை வாங்கிப் பார்த்தார். “நாளைக்குச் சாயங்காலம் வாங்க.”

“காலையில எங்களுக்கு ரயில்ங்க.”

“அப்ப ஊருக்குப் போய்த் தைச்சுக்குங்க. எந்தத் தெருவுல தையல்கடை இல்ல?”

“எங்க தெருவுலயும் இருக்கு,” என்றாள் தையலம்மா. “அங்க குடுக்க இஷ்டமில்ல.”

“அந்தக் கடைக்காரம்மா ரொம்பக் கறார்ங்க,” என்றார் கணவர், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. “பொத்தான் கட்டக்கூட மாட்டேங்கறாங்க.”

மகளின் உதட்டோரம் லேசாக நெளிந்ததைத் தையலம்மா கவனித்தாள். அதுவே அப்போதைக்குப் போதுமாக இருந்தது.

“கையில இருக்கற பேண்டெல்லாம் முடியணும். காத்திருக்கணுமே,” என்றார் தையல்காரர்.

“காத்திருக்கோம்.”

சுவரோரத்துப் பெஞ்சில் நால்வரும் உட்கார்ந்தார்கள். சொல்லி வைத்த மேசை கைநழுவிப் போயிற்று. கணவர் ஒரு பெருமூச்சு விட்டார். நாத்தனார் கீழே போய் வெண்ணெய் பன் வாங்கி வந்து, தலைக்கு ஒன்றாக எண்ணிக் கொடுத்தாள். தையலம்மா பன்னை மடியில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்தவர் தைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எத்தனை பெரிய வேலை என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் மோசமான தையல்காரர் இல்லை. ஆனால் குண்டூசி குத்தாமல் கண்ணளவிலேயே மடித்தார். மிஷினை ஓடவிட்டு அதே வேகத்தில் மூலையைத் திருப்பினார். ஒவ்வொரு முறையும் அவள் தோள் தன்னால் ஒரு பக்கம் இழுத்தது.

ஒருவழியாகக் கவுனின் முறை வந்தது. மீதி ஓரத்தையும் பிரித்துவிட்டு, மகளை அதைப் போட்டுக்கொண்டு ஒரு முக்காலிமேல் ஏறி நிற்கச் சொன்னார்.

“எவ்வளவு நீளம் வேணும்மா? உள்ள துணி நிறைய இருக்கு. பழைய மடிப்புலயே நிக்கட்டுமா, இறக்கட்டுமா?”

மகள் திகைத்தாள். கேள்வி புரியாதவள் போல் அம்மாவைப் பார்த்தாள்.

தையலம்மாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவள் மகளிடம் கேட்டதே இல்லை. பார்த்த மாத்திரத்தில் தெரியும்போது கேட்பானேன்? வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் கேட்பாள். வீட்டுப் பிள்ளையை நிறுத்தி, திருப்பி, குத்தி, “ஆச்சு, போ,” என்பாள். அவ்வளவுதான்.

அவள் பார்வையை விலக்கிச் சுவரில் எதையாவது தேடினாள். இங்கே தீயணைப்பு உருளைகூட இல்லை. ‘புகை பிடிக்காதீர்’ என்று ஒரு பலகைதான் இருந்தது. அதை வாசித்தாள்.

“முன்னாடி இருந்ததைவிட… இறக்கிடுங்க,” என்றாள் மகள். குனிந்து தன் காலில் விரலால் ஒரு கோடு கிழித்துக் காட்டினாள். “இங்க.”

கெண்டைக்காலின் பருமனான இடம். அங்கே முடிந்தால் கால் குட்டையாகத் தெரியும். தையலம்மா நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“நீங்க என்னம்மா சொல்றீங்க?” தையல்காரர் அவளைக் கேட்டார்.

“கவுன் அவளோடதுங்க.”

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவளை உற்றுப் பார்த்தார். “நான் துணியைத் தொடறப்பல்லாம் உங்க தோள் துடிக்குது. நீங்களும் தொழில்காரங்கதானே?”

“இன்னைக்கு நான் தைக்கக் குடுக்க வந்தவ.”

“அதுக்கென்ன, வாங்க!” அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். “நீங்களே ஒரு ஓட்டு ஓட்டிடுங்க. உங்களுக்கும் திருப்தி, எனக்கும் ஒரு வேலை மிச்சம். ஊசி புதுசு, இப்பதான் மாத்தினேன்.”

நாற்காலி காலியாகக் கிடந்தது. மிஷினின் சின்ன விளக்கு, வெளிச்சத்தை வட்டமாகப் பரப்பிக்கொண்டிருந்தது. கணவரின் கண்ணில் பொரித்த மீன் நீந்தியது. நாத்தனார் முழங்கையால் இடித்தாள். முக்காலிமேல் நின்ற மகள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி போர்வைக்குள்ளிருந்து பார்த்த அதே பார்வை.

தையலம்மா அந்த நாற்காலியைப் பார்த்தாள். இரண்டு நிமிஷம். குண்டூசி வைத்து, நூல் பிடித்த மாதிரி ஓட்டிக் கொடுத்துவிடலாம்.

“வேண்டாங்க. நீங்களே தைங்க,” என்றாள். நினைத்ததைவிடக் குரல் உரக்க வந்துவிட்டது. உடனே தணிந்து, “மெதுவாவே தைங்க. எங்களுக்கு அவசரமில்ல,” என்றாள்.

“எனக்கு இருக்கு,” என்று கணவர் முனகினார்.

தையல்காரர் தோளைக் குலுக்கிவிட்டு, மகள் மாற்றிக் கொடுத்த கவுனோடு உட்கார்ந்தார். மிஷின் ஓடியது. அது ஓடி முடிக்கும்வரை தையலம்மா அந்தப் பலகையை மேலும் கீழுமாக வாசித்துக்கொண்டே இருந்தாள். மிஷின் பக்கம் பார்க்கவில்லை.

தைத்து வந்த கவுனைப் போட்டுக்கொண்ட மகள் மறுபடி அதைக் கழற்றவே இல்லை. பழைய உடுப்பைப் பையில் திணித்துக்கொண்டு, கோட்டைத் தோளில் போட்டபடி அப்படியே தெருவில் இறங்கினாள். விளக்குப் போட்டிருந்தார்கள். கணவர் முன்னால் பாய்ந்து நடந்தார், நாத்தனார் அவரை எட்டிப் பிடிக்க ஓடினாள். ஒரு கடையின் பெரிய கண்ணாடிக்கு முன்னால் மகள் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

“இடது பக்கம் இறங்கியிருக்கு, இல்லம்மா?”

தையல்காரி மகள் அல்லவா. தையலம்மாவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஆமா. கொஞ்சம்.”

“நீளம்?”

“நானா இருந்தா ரெண்டு விரல் குறைச்சிருப்பேன்.”

“தெரியும். அதான் இறக்கச் சொன்னேன்.” மகள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டாள். “ஊருக்குப் போனதும் சரி பண்ணிடுவியா?”

“மாட்டேன்.”

“நான் ஸ்கூலுக்குப் போயிருக்கறப்ப?”

மாட்டேன் என்று உடனே சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள். அந்த இடது ஓரத்தை ஒருமுறை பார்த்தாள். முன்னறையில் தனியாக இருக்கும் ஒரு மத்தியானம் கண்ணுக்குள் வந்து போனது. தன் கையைப் பற்றி நேற்று இருந்த நம்பிக்கை இன்று இல்லை.

“வா என்கூட,” என்றாள்.

இரண்டு கடை தள்ளி ஓர் இரும்புச் சாமான் கடை அடைக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள். பின்னாலேயே மகளும் குனிந்து நுழைந்தாள். தெருமுனையிலிருந்து கணவர் கத்தினார். “அடுத்த மேசையும் போயிடும்! அங்க என்ன வாங்கற?”

“பூட்டு,” என்றாள் தையலம்மா.

கடைக்காரர் அலுத்துக்கொண்டே ஒரு தட்டை இழுத்து வைத்தார். “எதுக்கும்மா? சைக்கிளுக்கா, பெட்டிக்கா?”

“அலமாரிக்கு. என் பொண்ணோட அலமாரிக்கு.”

அவர் ஒரு சின்னப் பித்தளைப் பூட்டை எடுத்துத் துடைத்து, இரண்டு சாவியையும் அவள் பக்கம் நீட்டினார். தையலம்மா கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“ரெண்டையும் அவகிட்டயே குடுங்க,” என்றாள்.